முதலில் ஒலி, பிறகு திரை: சுங்கை சிப்புட் பக்கம் விண்வெளிப் படத்துக்கும் புதுப்பாட்டுக்கும் எதில் காசு போடுவது?

கையில் 1,500 வெள்ளி சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு விண்வெளிப் படம், காலப் பயணக் கதை என்றால் உயிர். இன்னொருவருக்குப் புதுப்பாட்டு வந்த அன்றே கேட்டாக வேண்டும். பழைய தொலைக்காட்சியைக் கொடுத்துவிட்டு 55 அங்குலம் எடுப்பதா, பாசார் மாலாமில் ஓடவிட்டுக் காட்டிய ப்ரொஜெக்டரை வாங்குவதா, சவுண்ட்பார் என்ற நீள ஸ்பீக்கர் ஒன்று போதுமா, இல்லை அந்தக் காசில் அடிக்கடி ஈப்போவுக்குப் போய்த் திரையரங்கிலேயே பார்த்துவிடுவதா?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டுக்குச் சொல்லும் பதில் சுங்கை சிப்புட் டவுனுக்கும், எல்ஃபில், ஹேவுட், டொவன்பி என்று சுற்றியிருக்கும் தோட்டப் பக்கத்துக்கும் பொருந்தாது. இங்கே பல வீடுகளுக்குத் தகரக் கூரை. லயத்து வீடென்றால் சுவர் பக்கத்து வீட்டோடு பொது. சிக்னல் செம்பனை மரங்களைத் தாண்டி வர வேண்டும். மத்தியானம் சாய்ந்தால் இடி. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் கீழே உள்ளதைச் சொல்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரிய திரைக்குப் போகும் காசை ஒலிக்குப் போடுங்கள். அறிவியல் புனைவு பார்ப்பவருக்கும் புதுப்பாட்டு கேட்பவருக்கும் ஒரே செலவில் பலன் கிடைப்பது அதில் மட்டும்தான்.

ஈப்போவுக்குப் போவது எந்தப் படத்துக்கு?

டவுனிலிருந்து ஈப்போ பழைய சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், டோல் கிடையாது. தோட்டத்தின் உள்ளிருந்து கிளம்பினால் போய்வர 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காடிக்கு 5.6 லிட்டர் ஆகும். 2025 செப்டம்பர் 30-இல் எல்லா மலேசியர்களுக்கும் தொடங்கிய புடி95 மானியப் பெட்ரோல் விலையான 1.99 வெள்ளியில் அது 11 வெள்ளி 14 சென். எண்ணெய்க் காசு பெரிதில்லை. நான்கு பேருக்கு டிக்கெட், சாப்பாடு என்று போகும்போதுதான் பை இளைக்கும். அதனால் வருஷத்துக்கு மூன்று நான்கு படம் என்று அளவு வைத்து, அந்த மூன்று நான்கையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வுக்கு அளவுகோல் எளிது. படத்தின் சுவை கண்ணிலும் காதிலும் இருக்கிறதா, கதை முடிச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்வெளி, ராட்சத இயந்திரம், முப்பரிமாணம் என்றால் திரையரங்கு. 2018-இல் வந்த ‘2.0’ முப்பரிமாணக் கேமராவிலேயே எடுக்கப்பட்ட படம். வீட்டுத் தொலைக்காட்சியில் முப்பரிமாண வசதியைப் பெரிய நிறுவனங்கள் 2017-க்குள்ளேயே கைவிட்டுவிட்டன. ஆக, எடுத்த விதத்திலேயே அதைப் பார்க்கத் திரையரங்கை விட்டால் நமக்கு வழியில்லை. இப்படிப்பட்ட படத்தை ‘ஓடிடியில் வரட்டும்’ என்று விட்டவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

காலப் பயணம், காலச் சுழல் கதைகள் வேறு சாதி. ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘மாநாடு’ (2021) போன்றவற்றில் யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதைப் பின்தொடர்வதுதான் விருந்து. வீட்டில் நிறுத்தி, பத்து விநாடி பின்னால் போய், பக்கத்தில் இருப்பவரோடு பேசித் தீர்த்துக்கொண்டு பார்க்கலாம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமே இல்லை.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஆங்கிலப் படத்துக்கு நம் திரையரங்கில் மலாய், சீன எழுத்துகள்தான் கீழே ஓடும். வீட்டில் அதே படத்துக்குத் தமிழ்க் குரல் தடம் இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் கிடைக்கும் தமிழ்த் தடம் மலேசியக் கணக்கில் சில சமயம் இருக்காது. சந்தா கட்டுவதற்கு முன் அந்தப் படத்தின் பக்கத்தில் ஒலித் தடப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

புது 55 அங்குலம் ஏன் ஏமாற்றுகிறது

இப்போது வரும் ராப், குத்துப் பாட்டுகளின் அடித்தாளம் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது (எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்). விண்கலம் கிளம்பும் உறுமல் அதற்கும் கீழே போகும். கைப்பேசி ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. கோவில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். பாடகர் குரல் மூன்று லயம் தாண்டிக் கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. கைப்பேசியிலும் அதே கதைதான். 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழு வந்த காலத்திலிருந்தே மலேசியத் தமிழ் ராப் அடித்தாளத்தின் மேல் நிற்கும் இசை. அதைக் கைப்பேசியில் ஒருமுறை கேட்டுவிட்டு ‘பாட்டில் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்பு சொல்வது அநியாயம். அப்படிக் கேட்டவருக்குப் பாட்டின் பாதி வந்து சேரவே இல்லை.

படத்தில் நடப்பது இன்னும் மோசம். ஆறு தடங்களாக வரும் ஒலியில் பேச்சு முழுக்க நடுத் தடத்தில் இருக்கும். அதிர்வுக்கென்று 120 ஹெர்ட்ஸ் வரை தனித் தடம் ஒன்று உண்டு. தொலைக்காட்சிக்கு இரண்டே ஸ்பீக்கர் என்பதால் ஆறையும் இரண்டாகக் கலக்க வேண்டியிருக்கிறது. கலக்கும்போது பேச்சுத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பிரித்துப் போடுகிறார்கள். அதிர்வுத் தடத்தை வழக்கமாக அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளைவு நமக்குப் பழக்கமானதுதான்: பேசும்போது காது கொடுத்துக் கேட்டு ஒலியைக் கூட்டுகிறோம், சண்டை வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோம், அப்போதும் வெடிக்கு வயிற்றில் உறைக்கும் கனம் இல்லை.

‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) படத்தின் பின்னணி இசைக்கு லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் பெரிய குழாய் ஆர்கன் வாசிக்கப்பட்டது. அந்த அடிநாதம்தான் அந்தப் படத்தின் முதுகெலும்பு. தொலைக்காட்சி ஸ்பீக்கரில் அது ஒரு ‘ம்ம்’ என்ற முனகல். அதே படத்தில் இசை பேச்சை அமுக்குகிறது என்று திரையரங்கில் பார்த்தவர்களே குறை சொன்னார்கள். அப்படியானால் மெல்லிய தொலைக்காட்சியில் என்ன கேட்கும்! 43-ஐ 55 ஆக்கினாலும் பெட்டி அதே மெலிவுதான். அதற்குள் அடக்கும் ஸ்பீக்கரும் அவ்வளவே.

பழைய ஸ்டீரியோவா, சவுண்ட்பாரா?

இரண்டில் எங்கள் முதல் தேர்வு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியும். 6.5 அங்குல வூஃபர் (அடித்தாளக் கூம்பு) உள்ள பெட்டி 50 ஹெர்ட்ஸ் அருகே வரை நேர்மையாக இறங்கும். பாட்டுக்கு இடம், வலம் என்று உண்மையான அகலம் கிடைக்கும். கெட்டால் ரிப்பேர் பார்க்கலாம். 500 வெள்ளி ஒதுக்கிப் பொறுமையாகத் தேடுங்கள். ஆனால் பழைய சாமான் என்பதால் கடையிலேயே சில சோதனைகள் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய சாமான்களில் 100 வோல்ட் என்றிருக்கும். நம் பிளக்கில் வருவது 230, 240. அப்படியே சொருகினால் உள்ளே உருகிவிடும். நல்ல சாமான், விலையும் மலிவு என்றால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். அடுத்து மூடியின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி எச்சம், எறும்புப் புற்று, உப்பிய கப்பாசிட்டர் தலை, கருகிய வாடை, இதில் எது இருந்தாலும் வேண்டாம். ஒலிக் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டியதில்லை, தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கர் கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் கோளாறு ஆம்ப்ளிஃபையரில். அதே பக்கம் நின்றால் ஸ்பீக்கரில்.

ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பாஞ்சா, ரப்பரா? நம் ஈரக் காற்றில் ஸ்பாஞ்சு வளையம் பத்துப் பதினைந்து வருஷத்தில் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். ரப்பர் தாங்கும். பிறகு இரு கட்டைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணல் தேய்ப்பது போல் சரசரத்தால் உள்ளே சுருள் உரசுகிறது. அதை வாங்காதீர்கள்.

வீட்டில் மாட்டும்போது பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். அடித்தாளம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஸ்பீக்கர் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு. கம்பியில் நிறம் இல்லையென்றால் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கம்பியைக் கழற்றி, ஒரு முனையை பேட்டரியின் மேட்டிலும் இன்னொன்றைத் தட்டையிலும் ஒரு நொடி தொடுங்கள். ‘டப்’ என்று கூம்பு வெளியே குதித்தால் மேட்டைத் தொட்ட கம்பிதான் சிவப்பு. உள்ளே இழுத்துக்கொண்டால் மற்றது. அந்தக் கம்பியில் ஒரு துண்டுச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். விலையுயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் எதுவும் வேண்டாம். வயர்மேன் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி பத்து மீட்டர் வரை தாராளம்.

தொலைக்காட்சியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு வழி. ஹெட்ஃபோன் குழி இருந்தால் ஒரு பக்கம் ஒற்றை முனை, மறு பக்கம் சிவப்பு-வெள்ளை முனை உள்ள கேபிள் போதும். அந்தக் குழி இல்லையென்றால் ஒளியாக ஒலியை அனுப்பும் ஆப்டிக்கல் குழியிலிருந்து, டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும்படி மாற்றும் டிஏசி என்ற சிறு பெட்டி வழியாகப் போகலாம். பெட்டியை மாட்டியும் சத்தமே வரவில்லை, அல்லது ‘கர்ர்’ என்று இரைச்சல் மட்டும் வருகிறது என்றால் பெட்டி கெட்டதாக நினைக்க வேண்டாம். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். அந்தச் சிறு பெட்டிக்கு டால்பி முறையில் சுருக்கிய ஒலி புரியாது, அவ்வளவுதான். கேபிள் வழியில் இன்னொரு தொல்லை உண்டு: ஓயாத ‘ஹூம்’ ரீங்காரம். வீட்டில் ஆஸ்ட்ரோ டிஷ் இருந்தால் அதன் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் டிஷ்ஷின் தரைத் தொடர்பும் ஆம்ப்ளிஃபையரின் தரைத் தொடர்பும் வளையம் போட்டிருக்கின்றன. ஆப்டிக்கல் வழிக்கு மாறினால் அது நின்றுவிடும், ஏனென்றால் ஒளியில் மின்சாரம் ஓடாது. பிளக்கின் தரைக் கம்பியைத் துண்டித்து ரீங்காரத்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு உலை. ஒருபோதும் செய்யாதீர்கள்.

சவுண்ட்பார் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்தவருக்குப் பேச்சு திரையின் நடுவிலிருந்தே வருவது போல் கேட்கும். பாயில் ஓரமாகப் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். ஐந்தாறு பேர் சிதறி உட்கார்ந்து பார்க்கும் வீடு, பாட்டைவிடப் படமே அதிகம் என்றால், நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள 3.1 சவுண்ட்பார் நல்லது. பெட்டியில் ‘2.1’ என்றிருந்தால் நடு ஸ்பீக்கர் கிடையாது. அதற்குப் பழைய ஸ்டீரியோவே மேல். சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ குழிகளில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் குழியில்தான் மாட்ட வேண்டும். தொலைக்காட்சி அமைப்பில் ‘சிஇசி’யையும் திறந்துவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டதால்தான் பலருக்கும் சத்தம் வராமல் போகிறது. ப்ளூடூத்தில் மட்டும் மாட்டாதீர்கள். பேச்சு உதட்டுக்கு 125 மில்லி விநாடி பிந்தினாலே கண்ணில் உறுத்தும். சாதாரண ப்ளூடூத் அதைவிட அதிகமாகப் பிந்துவது சகஜம். பாட்டுக்குப் பரவாயில்லை, படத்துக்கு ஆகாது.

லயத்து வீட்டில் அடித்தாளத்துக்கென்றே உள்ள தனி சப்வூஃபர் பெட்டி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். அரைச் செங்கல் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. அதிகாலையில் வேலைக்கு எழும் பக்கத்து வீட்டாருக்குப் பாட்டு கேட்காது, தலையணையில் ‘தொம் தொம்’ மட்டும் கேட்கும். இரவு பத்துக்கு மேல் மூடிய வகை ஹெட்ஃபோன்தான் நியாயம். 32 ஓம், கம்பி உள்ளதாக 150 வெள்ளிக்குள் வாங்குங்கள். மழைக்கும் அதுவே துணை. தகரத்தின் மேல் கொட்டு மழை விழும்போது எந்த ஸ்பீக்கரைக் கூட்டினாலும் பேச்சு கேட்காது. கூட்டக் கூட்ட ஸ்பீக்கர்தான் கிழியும்.

திரையைப் பற்றிக் கொஞ்சம்

43 அங்குலத்தை 1.75 மீட்டரிலிருந்து பார்த்தால் கண்ணில் 30 பாகை நிறையும். படம் பார்க்க அது போதுமான அளவு. 55 அங்குலத்துக்கு அந்தத் தூரம் 2.2 மீட்டர். லயத்து முன்னறையில் நாற்காலியை அரை மீட்டர் முன்னே இழுப்பது புதுத் தொலைக்காட்சி வாங்குவதற்குச் சமம், இலவசமும்கூட. பட அமைப்பை ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலைக்கு மாற்றி, அசைவை மழுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். படம் விநாடிக்கு 24 சட்டகம் ஓடுவது. இடையில் பொய்ச் சட்டகம் சேர்த்தால் விண்கலம் நாடக செட் போலாகிவிடும். ட்யூப் லைட்டை அணைத்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் சிறு வெள்ளை விளக்கு வைத்தால் இருட்டுக் காட்சி கண்ணை வலிக்காது.

ப்ரொஜெக்டர் ஆசை நியாயமானது. தோட்டத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் பாசார் மாலாம் பெட்டியில் எழுதியிருக்கும் ‘9,000 லூமென்’, ‘1080பி சப்போர்ட்’ இரண்டையும் நம்ப வேண்டாம். தேட வேண்டியது ‘ஆன்சி லூமென்’ (தர விதிப்படி அளந்த வெளிச்சம்), ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ (கருவி உண்மையில் காட்டும் துல்லியம்) என்ற இரண்டு வரிகள். திரையரங்குத் திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 100 அங்குலத் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். முழு இருட்டில் அந்த வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 420 ஆன்சி லூமென் வேண்டும். 120 அங்குலத்துக்கு 600, மண்டபத்துக்கான 150 அங்குலத்துக்கு 940. மலிவுப் பெட்டிகளில் பல 200 ஆன்சியைத் தாண்டாது. அதில் பகல் காட்சி வெளிறும், விண்வெளிக் காட்சி சாம்பல் நிறச் சுவராகத் தெரியும். வேறு வகைப் படம் பார்ப்பவர் சமாளிக்கலாம். அறிவியல் புனைவு பார்ப்பவருக்கு இருட்டுதான் பாதிப் படம். லென்ஸில் பூசணம் பிடிப்பது நம் ஊரில் சாதாரணம் என்பதால் வாங்கினாலும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மண்டபத்தில் பொதுமக்களுக்குப் போடுவதென்றால் வீட்டுச் சந்தாக் கணக்கில் ஓட்டுவது செல்லாது. பொதுக் காட்சிக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்.

இணையமா, டிஷ்ஷா?

1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 என்பது நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் அளவு. வேகத்தை மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், இரவு ஒன்பதுக்குச் சோதியுங்கள். அப்போதுதான் டவுனும் தோட்டமும் ஒரே கைப்பேசிக் கோபுரத்தில் தொங்கும். சிம் போட்ட ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைப்பதைவிடக் கோபுரம் இருக்கும் திசையின் ஜன்னலில், தகரத்துக்குக் கீழே ஒரு முழமாவது இறக்கி வையுங்கள். தகரம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், நனைந்த செம்பனை ஓலை உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டரில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் 700 அல்லது 900 மெகாஹெர்ட்ஸைச் சோதித்துப் பாருங்கள். தாழ்ந்த அலைவரிசை மரங்களைத் தாண்டி வருவதில் 2,600-ஐவிடக் கெட்டிக்காரன்.

டேட்டாக் கணக்கு இப்படி: நெட்ஃப்ளிக்ஸில் உயர்தரம் மணிக்கு 3 ஜிபி வரை, நடுத்தரம் 0.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் முதலாவதில் 7.5 ஜிபி, இரண்டாவதில் 1.75 ஜிபி. நகைச்சுவைப் படத்துக்கு நடுத்தரம் போதும். நட்சத்திரம் நிறைந்த வானத்துக்குப் போதாது, கறுப்பு கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். ‘அன்லிமிட்டெட்’ பிரீபெய்ட் வாங்கியவர்கள் ஹாட்ஸ்பாட் அளவைப் படிக்கத் தவறுகிறார்கள். கைப்பேசிக்கு வரம்பில்லை, தொலைக்காட்சிக்குப் பகிர்ந்தால் சில ஜிபியோடு நின்றுவிடும். அப்படியானால் அதிகாலையில் கைப்பேசியில் இறக்கிவைத்துப் பார்ப்பது ஒரு வழி. கேபிள் போட்டுத் தொலைக்காட்சிக்கு அனுப்பலாம் என்று அடாப்டர் வாங்குவதற்கு முன் கைப்பேசியின் குழி படம் அனுப்பும் வகையா என்று பாருங்கள். மலிவுக் கைப்பேசிகளில் பெரும்பாலும் அனுப்பாது.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் ‘வைட்வைன்’ பூட்டு தாழ்ந்த எல்3 நிலையில் இருந்தால், நீங்கள் உயர்தரத்துக்குக் காசு கட்டினாலும் 480 தரத்துக்கு மேல் வராது. ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற செயலியை இறக்கி எல்1 என்று வருகிறதா பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லா அலைவரிசையும் இலவசம் என்று விற்கும் பெட்டிகள் பக்கமே போக வேண்டாம். 2022 மார்ச் முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் அவற்றை விற்பவருக்கு 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு. அதோடு ஒருநாள் காலையில் எல்லாம் நின்றுபோனால் போட்ட காசைக் கேட்க ஆள் இருக்காது.

டிஷ்ஷுக்கு டேட்டா வேண்டாம், கோபுர நெரிசல் இல்லை. தமிழ் அலைவரிசைகளோடு வளர்ந்த பெரியவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் அதன் அலைகள் 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். மழைத் துளி அவற்றைத் தின்னும். மழை நின்ற பிறகும் படம் உடைந்தால் டிஷ் ஆடியிருக்கிறதா, கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அறிவியல் புனைவு வேண்டிய நேரத்தில் வேண்டிய படம் என்றால் இணையம்தான். இரண்டுக்கும் சேர்த்துக் கட்ட முடியாதவர்கள் இணையத்தை எடுத்து, ஓடிடி சந்தாக்களை மாதத்துக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். ஒரு மாதம் ஒன்று, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ரத்து, அடுத்த மாதம் இன்னொன்று.

எதை எடுத்தாலும் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிள், வெளி ஆன்டெனாக் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

புதுப்பாட்டு வரும் நேரம்

ஆங்கில ஆல்பங்கள் 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. தமிழ்ப் படப் பாட்டுக்கு அப்படிக் கிழமை இல்லை. பெரும்பாலும் இந்திய மாலையில் விடுவார்கள். அங்கே ஆறு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை, சரியாக இணையம் திணறும் நேரம். அந்த நேரத்தில் யூடியூப் பாடல்வரிக் காணொலியில் கேட்பதைத்தான் பலரும் ‘பாட்டைக் கேட்டேன்’ என்கிறார்கள். காணொலி டேட்டாவை இழுக்கும், இணையம் தளர்ந்தால் தரம் குறையும்.

இசைச் செயலியில் கணக்கு மலிவு. 320 கேபிபிஎஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு 9.6 எம்பி. 160-இல் 4.8. ஸ்பாட்டிஃபை கட்டணக் கணக்கில் இறக்கிவைத்தால் கோபுரம் விழுந்தாலும் பாடும். 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் திறக்க வேண்டும், மறந்தால் இறக்கியதெல்லாம் போய்விடும். இழப்பில்லாத் தரம் நான்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 எம்பி வரை இழுக்கும். கம்பி ஹெட்ஃபோனுக்கோ நல்ல ஸ்பீக்கருக்கோ அதில் பலன் உண்டு. சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் எப்படியும் 328 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கித்தான் பாடும் என்பதால் அதற்கு வீண். எண்பதுகளின் பாட்டையும் இந்த வருஷப் பாட்டையும் கலந்து கேட்பவர்கள் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியைத் திறந்தே வையுங்கள். இன்றைய பாட்டுகள் அழுத்தமாக, உரத்து முடிக்கப்பட்டவை. சமப்படுத்தாவிட்டால் பழைய பாட்டு சோனியாகத் தோன்றும், அது அந்த இசையமைப்பாளருக்குச் செய்யும் குற்றம்.

மின்னல் எஃப்எம்மும் ராகாவும் இந்தக் கணக்கில் எங்கே? பண்பலையில் டேட்டாச் செலவு இல்லை, கொட்டு மழையிலும் தாக்குப்பிடிக்கும். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வராது என்றாலும் காடியிலும் சமையற்கட்டிலும் அது குறையாகவே தெரியாது. உள்ளூர்க் கலைஞர்களின் புதுப்பாட்டு காதில் விழவும் அதுவே நல்ல வழி, செயலிகள் நாம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது வானொலி சேர்ந்த ரிசீவராகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

படப் பாட்டு விழா என்றால் அது எங்கோ சென்னையில் என்று நினைக்க வேண்டாம். ‘எந்திரன்’ பாடல்கள் 2010 ஜூலை 31 அன்று புத்ராஜெயாவில்தான் வெளியிடப்பட்டன. இயந்திரக் குரல், எலக்ட்ரானிக் தாளம் என்று அந்தப் பாட்டுகள் படத்துக்கு முன்பே படத்தின் உலகத்தைக் காதுக்குள் கொண்டுவந்தன. அறிவியல் புனைவும் புதுப்பாட்டும் ஒரே ஸ்பீக்கரைக் கேட்பது அதனால்தான்.

1,500-ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் 500, டிஏசி பெட்டியும் கம்பிகளும் 100, ஹெட்ஃபோன் 150. ஈப்போவுக்கு மூன்று முறை, முறைக்கு 100 என்று 300. மிச்சம் 450-ஐ மாதத்துக்கு 37 வெள்ளி 50 சென்னாகச் சந்தாக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி இன்னும் ஓடுகிறது என்றால் அதைத் தொட வேண்டாம்.

பாட்டு வெளியான இரவே தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கோபுரம் காலியாக இருக்கும். 320-இல் இறக்கிவைத்து, மாலையில் வேலை முடிந்து வந்ததும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி நாற்காலியைப் போட்டு, முதல் முறையாக முழுதாகக் கேளுங்கள்.